கீசர் ப்ளக்கில் ஒரு கார்

18 செப்டம்பர் 2008, வியாழன்

புழுக்கம். மதியம் மேகம் கடல் பக்கமிருந்து வந்து, ஊரைப் பார்த்துவிட்டு, பெய்யாமலே போய்விட்டது. துவைத்த துணி எதுவும் காயவில்லை.

செய்தது: யாழினிக்கு நகம் வெட்டினேன். தெர்மாமீட்டருக்குப் புது பேட்டரி. ஜுர மருந்து பாட்டிலில் தேதி பார்த்தேன்.
செய்யாதது: கரூருக்கு ஃபோன். அம்மா கோபமாக இருப்பாள்.

ரகுவுக்கு மதிய ஷிஃப்ட். குழந்தை தூங்கியாயிற்று. எழுத உட்கார்ந்தால் அந்தக் கார்தான் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை யாழினியைச் செங்கல்பட்டுக் குழந்தை டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு ஷோரூம் கண்ணாடிக்குள் பார்த்தது. இரண்டே கதவு. பச்சை. சோப்பு டப்பாவுக்கு சக்கரம் வைத்த மாதிரி. பெட்ரோல் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளே ப்ளக். வீட்டுக் கரண்டில் சார்ஜ் போட்டால் ஓடுமாம். கண்ணாடியில் சிவப்பு எழுத்தில் ‘சிறப்புத் தள்ளுபடி’. பழைய விலையை அடித்துப் புது விலை. ஐந்து, பத்து குறைத்ததில்லை. கணிசமாகக் குறைத்திருந்தார்கள்.

ஏன் அவ்வளவு குறைத்தார்கள்?

ஆடித் தள்ளுபடிப் புடவையை நான் முதலில் முழுதாக விரித்துப் பார்ப்பேன், கிழிசல் எங்கே என்று. காரை எப்படி விரிப்பது?

20 செப்டம்பர், சனி

காலையில் சின்னத் தூறல். மல்லி, சீரகம், யாழினிக்கு செருப்பு வாங்க வேண்டும் (பழையது கடிக்கிறது).

ர. காரைப் பற்றி ஷிஃப்ட்டில் சொல்லியிருக்கிறார். இவர்கள் வழக்கம் அது. அணுமின் ப்ளாண்ட்டில் வேலை பார்ப்பவர்கள் மிக்சி வாங்கினாலும் கமிட்டி கூடும். எல்லாவற்றுக்கும் ஒரு ஸ்டாண்ட்பை வேண்டும். ஒன்று போனால் இன்னொன்று, அதுவும் போனால் மூன்றாவது. எங்கள் வீட்டில் டார்ச் இரண்டு, அடுப்பு லைட்டர் இரண்டு, இன்வெர்ட்டர், எமர்ஜென்சி லாம்ப், அதற்கும் மேல் ஒரு கட்டு மெழுகுவத்தி.

ஷிஃப்ட்டில் மூத்தவர் தேவராஜ் அண்ணன். அவர் தீர்ப்பு: கரண்டில் மட்டும் ஓடுகிற வண்டிக்கு ஸ்டாண்ட்பை இல்லை, எனவே வேண்டாம்.

ர. ஒரு பத்திரிகையும் கொண்டுவந்தார். வெளிநாட்டில் பெட்ரோலும் கரண்டும் இரண்டும் சேர்ந்த கார் வந்துவிட்டதாம். அதையே சிலர் சுவரில் ப்ளக் போட்டு சார்ஜ் ஏற்றிக்கொள்கிற மாதிரி மாற்றிப் பார்க்கிறார்களாம். படம் போட்டிருந்தது. அது இங்கே வரட்டும், அப்போது வாங்கலாம் என்றார். எப்போது வரும் என்றேன். அஞ்சாறு வருஷம், பத்தும் ஆகலாம் என்றார்.

யாழினிக்கு இப்போது மூன்றரை.

ஐந்து வயது வரைதான் பயம் என்று டாக்டர் சொன்னார். அதற்குப் பிறகு பெரும்பாலும் தானாக விட்டுவிடும். பத்திரிகைக் கார் வரும்போது எனக்கு அது தேவையே இருக்காது. அப்போது ஜாலியாகப் போகலாம், எங்கேயாவது.

ஜூலையில் நடந்ததை இதுவரை எழுதவில்லை. எழுதிவிடுகிறேன், போகட்டும். மதியம். ஜுரம் ஒரேயடியாக ஏறி யாழினிக்குக் கண் மேலே சொருகிவிட்டது. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. ர. காலை ஷிஃப்ட்டில் உள்ளே. உள்ளே மொபைல் கிடையாது. ஷிஃப்ட் ஃபோனுக்கு அடித்தேன், யாரோ எடுத்து, சொல்லிவிடுகிறேன் என்றார். அவர் இருந்த இடத்திலிருந்து உடை மாற்றி, சோதனை முடிந்து வெளியே வரவே நேரம் ஆகும். தெருவில் ஆட்டோ இல்லை. வீட்டுக்காரம்மாவின் தம்பி மீன் பெட்டி ஏற்றும் வண்டி வைத்திருக்கிறார். அதில்தான் டவுன்ஷிப் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஐஸ் தண்ணீர் கால் வரை. வீட்டுக்காரம்மா குழந்தையை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரி போவதற்குள் இழுப்பு நின்றுவிட்டது. எனக்கு இன்னும் நிற்கவில்லை.

அவ்வளவுதான். மூடிவிட்டேன்.

21 செப்டம்பர், ஞாயிறு

ர. ஓய்வு. நானே கிளப்பினேன், சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று. பஸ்ஸில் செங்கல்பட்டு.

ஷோரூமில் ஒரு இளைஞர், பிரகாஷ். டையை இறுக்கிக் கட்டி, பேசும்போதெல்லாம் இழுத்து விட்டுக்கொண்டார். நான் கேட்டதற்கெல்லாம் பதில் ர.வுக்குப் போயிற்று.

நான்: ஏன் இவ்வளவு தள்ளுபடி?
அவர், ர.விடம்: டெமோ பீஸ் சார், எல்லாருக்கும் காட்டுற வண்டி.
நான்: எத்தனை நாளாக நிற்கிறது?
அவர், ர.விடம்: கொஞ்ச நாள்தான் சார்.
நான்: நிற்கும்போது சார்ஜ் போட்டு வைத்தீர்களா?
அவர், ர.விடம்: வாங்க சார், ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க.

ர. ஓட்டினார். நானும் யாழினியும் பின்னால். பின் சீட் குழந்தைகளுக்குத்தான். என் முழங்கால் தாடைக்கு வந்துவிட்டது. வண்டி கிளம்பியதே தெரியவில்லை. யாழினி ஜன்னல் கண்ணாடியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “சத்தம் எங்கம்மா?” என்றாள். பிரகாஷ் அசடு வழிந்தார்.

இறங்கும்போது அவர் சொன்னது: “கிளட்ச் இல்ல, கியர் இல்ல. மேடம்கூட ஓட்டலாம் சார்.”

அந்த ‘கூட’ என்னைக் கடித்தது. பஸ்ஸில் வரும்போது யோசித்தால், கடித்தது ‘கூட’ இல்லை. ‘ஓட்டலாம்’.

23 செப்டம்பர், செவ்வாய்

வெயில். துணி எல்லாம் காய்ந்தது. சந்தோஷம்.

பரண் மேலிருந்து காலேஜ் டிரங்குப் பெட்டியை இறக்கினேன். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி புத்தகம், ஓரங்களைப் பூச்சி அரித்திருக்கிறது. ஈய-அமில பேட்டரி, இரண்டு பக்கம். பென்சிலில் நான் அடிக்கோடு போட்ட இடம்: சார்ஜ் இறங்கிய நிலையில் பேட்டரியை அப்படியே விட்டால் தகட்டில் ஈய சல்ஃபேட் படிகமாக இறுகிவிடும். பிறகு கரையாது. பேட்டரி பாதி செத்த மாதிரி.

பரீட்சைக்காகப் படித்தது. எனக்கே என்றாவது தேவைப்படும் என்று யார் நினைத்தது.

ஆக, கிழிசல் இருந்தால் அங்கேதான். பார்க்க வழியும் உண்டு. புதுப்பட்டினம் இன்வெர்ட்டர் கடையில் ஹைட்ரோமீட்டர் இரவல் கேட்டேன். கண்ணாடிக் குழாய், ஒரு முனையில் ரப்பர் பந்து, உள்ளே ஒரு மிதவை. பேட்டரியிலிருந்து கொஞ்சம் அமிலம் உறிஞ்சினால், சார்ஜ் நன்றாக இருக்கிற அமிலத்தில் மிதவை உயர நிற்கும், இல்லையென்றால் முங்கும். கடைக்காரர் கொடுத்தார், ஆனால் சாருக்கா என்று கேட்டார். எனக்கு என்றேன். டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன் வாங்கினால் தருகிறேன் என்றார். வாங்கினேன்.

எங்கள் இன்வெர்ட்டரில் பழகிப் பார்த்தேன். ஒவ்வொரு மூடியாகத் திறந்து, உறிஞ்சி, பார்த்து, திரும்ப விட்டு. வீட்டுக்காரம்மா கீழ்வீட்டிலிருந்து உப்பு கேட்டு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“இன்னாம்மா, பேட்டரிக்கு ஊசி போட்டுகினு கீற?”

ரத்தம் எடுத்துப் பார்க்கிறேன் என்றேன். இன்னா வியாதி என்றார். தெரியவில்லை, வேறொரு பேட்டரிக்குத்தான் வியாதி இருக்கும் போல என்றேன். அவருக்கு அது திருப்தியாக இருந்தது. உப்பை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

நைட்டியில் அமிலம் தெறித்து மிளகு அளவுக்கு ஓட்டை. நீல நைட்டி. நல்ல நைட்டி.

25 செப்டம்பர், வியாழன்

இன்று நிறைய. கை வலிக்கிறது, ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

வண்டி நம் வீட்டு வாசலில் நிற்கிறது! வாங்கவில்லை. ர. பிரகாஷிடம் பேசி, இரண்டு மூன்று நாள் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று ஏற்பாடு. (எனக்காகத்தான். வாயால் சொல்லவில்லை.) பிரகாஷே ஓட்டிக்கொண்டு வந்து, சாவியையும் சார்ஜ் போடும் ஒயரையும் ர. கையில் கொடுத்துவிட்டு பஸ்ஸில் போனார்.

முதல் சிக்கல்: ஒயரின் முனை தடிமன் ப்ளக். வீட்டில் அந்த சைஸ் பாயிண்ட் ஒன்றே ஒன்று, பாத்ரூமில், கீசருக்கு. ஆக கீசரைப் பிடுங்கி, ஒயரை பாத்ரூம் ஜன்னல் வழியாக மாடியிலிருந்து தொங்கவிட்டு, கீழ்வீட்டுக் கொடியைத் தாண்டி, காரில். தெருவே கூடிவிட்டது. கார் குளுக்கோஸ் ஏறுகிற நோயாளி மாதிரி நின்றது.

வீட்டுக்காரம்மா சுற்றிச் சுற்றி வந்தார். பெட்ரோல் ஊத்துற எடத்துல ப்ளக்கு கீதே, என் வூட்டு ஒயரு தாங்குமா என்றார். ர. தாங்கும் என்று விளக்கினார், பத்து நிமிஷம், கையை ஆட்டி. அவர் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பி, “தாங்குமாம்மா?” என்றார். தாங்கும் என்றேன். சரி என்று போய்விட்டார்.

ஒரு மணி நேரம்கூட ஏறியிருக்காது, கரண்ட் போய்விட்டது. வழக்கமான வெட்டு. மொட்டை மாடியில் நின்றால் ப்ளாண்ட் தெரிகிறது. அங்கே செய்கிற கரண்ட் எங்கெங்கோ போகிறது, நமக்கு இன்வெர்ட்டரும் மெழுகுவத்தியும்.

சாயங்காலம் கமிட்டி. தேவராஜ் அண்ணன், இன்னும் இரண்டு பேர், ர. நாலு பேரும் ஒரே ஷிஃப்ட். பானெட்டைத் திறந்து பார்த்தார்கள், உள்ளே எஞ்சின் இல்லை, வைப்பர் தண்ணீர் பாட்டில்தான் இருந்தது. கொஞ்சம் ஏமாற்றம். பிறகு ஹாலில் உட்கார்ந்து குறை சொல்ல ஆரம்பித்தார்கள். ஞாபகம் இருக்கும் வரை:

— கரண்ட் வெட்டு நேரத்தில் சார்ஜ்?
— பேட்டரி போனால் மாற்றும் செலவு
— உப்புக் காற்றில் துரு
— நவம்பர் மழையில் ரோட்டுத் தண்ணீர் உள்ளே போனால்?
— சென்னை போய்வர முடியாது. நாவலூரில் தேவராஜ் அண்ணன் மகள் வீடு, அதுவரை போகலாம், திரும்ப முடியாது
— மகாபலிபுரத்துக்குப் போய்வரலாம், ஆனால் ஏ.சி. போட்டால்?

எல்லாம் நியாயமான கேள்வி. கேட்கக் கேட்க எனக்கும் ஆசை, பதில் தெரிந்துகொள்ள. காபி கொண்டுபோய் வைத்தேன். தேவராஜ் அண்ணன், ஒரு பாயிண்ட்கூட விடலைல்ல என்று மற்றவர்களைப் பார்த்தார்.

நான் சொன்னேன்: “ஜூலை மாதிரி இன்னொரு தரம் ஆச்சுன்னா, நீங்க நாலு பேரும் உள்ள இருப்பீங்கண்ணே. அப்போ வண்டிய யார் எடுப்பா?”

நாலு பேரும் டம்ளரைப் பார்த்தார்கள்.

ர. மெதுவாக, “உனக்குத்தான் லைசென்ஸ் இல்லையே” என்றார்.

“கேஸ் கனெக்‌ஷனுக்கு என்னத்த ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தீங்க?”

எழுந்துபோய் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து எடுத்து வந்து டீப்பாயில் வைத்தேன். கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் முன்னால் கரூரில் அப்பா பிடிவாதமாக எடுக்க வைத்த டிரைவிங் லைசென்ஸ். கேஸுக்கு, பேங்குக்கு, மொபைல் சிம்முக்கு எல்லாவற்றுக்கும் ர. அதைத்தான் நகல் எடுத்திருக்கிறார். ஐடி ப்ரூஃப் என்று சொல்லிச் சொல்லி அது வேறு எதற்கும் என்பதே வீட்டில் எல்லாருக்கும் மறந்துவிட்டது. எனக்கும்.

தேவராஜ் அண்ணன் அதைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தார். ஃபோட்டோவில் இரட்டைப் பின்னல். “செல்லுபடி ஆகுதுப்பா” என்று ர.விடம் கொடுத்தார். கமிட்டி அத்துடன் கலைந்தது.

26 செப்டம்பர், வெள்ளி

மூட்டம். வெண்டைக்காய் முற்றல், பாதியைத் தூக்கிப் போட்டேன்.

ர. காலை ஷிஃப்ட். போகும்போது, நான் வந்தப்புறம் பக்கத்துல உட்கார்ந்து சொல்லித் தரேன், அதுவரைக்கும் தொடாதே என்றார். சரி என்றேன். அவர் பஸ் தெருமுனை தாண்டும் வரை சரிதான்.

முதலில் தெருவிலேயே முன்னும் பின்னும். இடது கால் கிளட்சைத் தேடித் தேடி வெறும் தரையை மிதித்தது. ஏழு வருஷத்துக்கு முன் கற்றது காலில் இருக்கிறது, தலையில் இல்லை. பிறகு தைரியம். யாழினி பின்னால். வீட்டுக்காரம்மா சதுரங்கப்பட்டினத்தில் தம்பியைப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். வாங்க, விடுகிறேன் என்றேன்.

“ஓட்டத் தெரியுமா?”

“இப்பதான் தெரிஞ்சுக்கறேன்.”

“சாவறதுன்னா எல்லாரும் சேந்தே சாவலாம்” என்று யாழினி பக்கத்தில் பின்னால் போய் உட்கார்ந்தார். முன்னால் வரச் சொன்னால், புள்ள தனியா கீது என்றார்.

வண்டியின் பெரிய குறையை கமிட்டி கண்டுபிடிக்கவே இல்லை: சத்தம் வராததால் யாரும் நகரவில்லை. ஆடு நகரவில்லை. சைக்கிள் நகரவில்லை. சதுரங்கப்பட்டினம் கோட்டைச் சுவரோரம் ஒருவர் நடு ரோட்டில் வலையை விரித்து உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார், அவர் தலைகூட நிமிரவில்லை. ஹாரன் அடித்தேன், அது பொம்மை மாதிரி பீப் என்றது. வீட்டுக்காரம்மா ஜன்னலில் தலையை நீட்டினார்.

“யோவ் அண்ணாத்த, காரு வந்துகினு கீது, நவுரு.”

அவர் திரும்பிப் பார்க்காமலே, “காரா, எங்க கீது?” என்றார்.

“உன் முதுவுல கீது.”

திரும்பினார். எங்கள் மூவரையும் பார்த்து, வலையைச் சுருட்டி, சிரித்தார். அதற்கப்புறம் வழி நெடுக வீட்டுக்காரம்மாதான் ஹாரன். யாழினியும் கற்றுக்கொண்டுவிட்டாள், வீடு வந்து சேரும் வரை கண்ட நாய்க்கெல்லாம் “நவுரு”.

திரும்பி வந்து வண்டியை நிறுத்தினேன். கொஞ்ச நேரம் இறங்கப் பிடிக்கவில்லை.

பிறகுதான் முள்ளைப் பார்த்தேன். சார்ஜ் காட்டும் முள் இவ்வளவு தூரத்துக்கு இறங்க வேண்டியதைவிட அதிகமாக இறங்கியிருந்தது. மறுபடி சார்ஜ் போட்டு, முள் நிறைந்து, ஆறவிட்டு, சாயங்காலம் முன் சீட்டைத் தூக்கினேன். பேட்டரிகள் அதற்கு அடியில் வரிசையாக இருக்கின்றன. ஹைட்ரோமீட்டர். ஒவ்வொன்றாக. எல்லாவற்றிலும் மிதவை ஏறக்குறைய ஒரே உயரம். கடைசிக்கு முந்தின பேட்டரியில் நடு அறை: மிதவை கல் மாதிரி அடியில். திரும்ப உறிஞ்சினேன். அடியில்தான்.

கிழிசல் கிடைத்துவிட்டது.

கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு நிமிஷம். கிழிசல் இருக்கக் கூடாது என்றுதான் நான் தேடியிருக்கிறேன் போல.

ர. வந்ததும் இரண்டையும் சொன்னேன், ஓட்டியதையும் பேட்டரியையும். ஓட்டியதற்குத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரே உறிஞ்சி மிதவையைப் பார்த்தார். பார்த்துவிட்டு, “அப்போ திருப்பிக் குடுத்துடலாம்” என்றார். குரலில் நிம்மதி. திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

27 செப்டம்பர், சனி

யாழினிக்கு மூக்கு ஒழுகல். ஜுரம் இல்லை. இல்லை. நாலு தடவை பார்த்துவிட்டேன், இல்லை.

பிரகாஷ் வந்தார். சீட்டைத் தூக்கி, மிதவை முங்குவதைக் காட்டினேன். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார். கோடை முழுக்க வண்டி குடோனில் நின்றதாம், சார்ஜ் போடச் சொல்லி அவர் கேட்டாராம், யாரும் போடவில்லையாம். டையை அவிழ்த்துச் சட்டைப் பைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டுதான் இதைச் சொன்னார். முதலாளியிடம் கேட்கிறேன், அதுவரை வண்டி இங்கேயே இருக்கட்டும் என்று போனார்.

அவர் போன பிறகு எங்களுக்குள் கொஞ்சம் வார்த்தை தடித்தது. ர. சொல்வது: நல்ல பேட்டரிக்கே தூரத்துக்கு ஒரு அளவு உண்டு, அதிலும் ஒன்று பழுது, எதை நம்பி? நான்: எவ்வளவு தூரத்துக்கு நம்ப வேண்டும்? ர.: செங்கல்பட்டு போய்த் திரும்பி, நடுவில் மழை, ஹெட்லைட், வைப்பர்...

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாள் எல்லாரும் போய்த் திரும்பும் தூரத்தையே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சென்னை போய்த் திரும்ப, நாவலூர் போய்த் திரும்ப. எனக்கு வேண்டியது இந்த வாசலிலிருந்து டவுன்ஷிப் ஆஸ்பத்திரி வாசல். மூன்று கிலோமீட்டர். அதுவும் போக மட்டும். திரும்பி வர ஆட்டோ கிடைக்கும், பஸ் கிடைக்கும், ர. கிடைப்பார், நடந்துகூட வரலாம்.

இதைச் சொன்னேன். ர. கேட்டார்: “ஓட்டுறப்போ யாழிய யார் பிடிச்சுப்பா?”

கமிட்டி கேட்காத இரண்டாவது கேள்வி. நானும் கேட்டுக்கொள்ளாதது. பதில் மட்டும் நேற்றே பின் சீட்டில் உட்கார்ந்து சதுரங்கப்பட்டினம் போய் வந்தாயிற்று.

28 செப்டம்பர், ஞாயிறு

மூக்கு ஒழுகல் நின்றது.

ட்ரில். இதை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள்.

ப்ளாண்ட்டில் அவ்வப்போது அவசரகால ஒத்திகை நடத்துவார்கள். சொல்லாமல் திடீரென்று அறிவிப்பு. எல்லாரும் நிஜமாக நடந்த மாதிரியே செய்ய வேண்டும். பார்வையாளர் ஒருவர் குறை எழுதுவார், உதவக் கூடாது. ர. காலையில் அதையே வைத்துக்கொள்ளலாம் என்றார். “நான் உள்ள இருக்கேன்னு வெச்சுக்க. எப்பன்னு சொல்ல மாட்டேன்.” வீட்டுக்காரம்மாவிடம் போய் முறைப்படி கேட்டுக்கொண்டார். அவர், சம்பளம் உண்டா என்றார். பிறகு, கறிக்குழம்பு கொதிக்கிற நேரமா பாத்து கூப்டாத என்றார்.

யாழினிதான் நோயாளி என்று முதலில் முடிவு. அவள் ஆனந்தமாகத் தரையில் படுத்து, கை காலை வெட்டிக் காட்டிச் சிரித்தாள். யாரிடம் பார்த்தாள்? அவளுக்கு நினைவிருக்குமா? எனக்குச் சமையலறைக்குப் போய் நிற்க வேண்டியதாகிவிட்டது. அதனால் நோயாளி பொம்மை. யாழினி பொம்மைக்குத் துணை.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவுகிறேன். ர. கேட் ஓரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு “இப்ப” என்றார்.

வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டேன், வந்தார். பொம்மை, யாழினி, சாவி, பை. எல்லாரும் வண்டியில். சாவி திருப்பி மிதித்தேன். நகரவில்லை. திரும்ப. நகரவில்லை. பேட்டரி என்று நினைத்தேன். முள் நிறைந்து காட்டியது. மண்டை வெறுமையாகிவிட்டது. ஒத்திகை என்பதே மறந்துவிட்டது. பொம்மை என்பதும். ர. நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார், திரும்ப உட்கார்ந்தார், இரண்டு கையாலும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பின் சீட்டிலிருந்து: “ஒயர உருவாம எங்கம்மா போற?”

சார்ஜ் ஒயர். காலையில் மாட்டியது, பாத்ரூம் ஜன்னலிலிருந்து வண்டிக்கு விறைத்து நிற்கிறது. ஒயர் மாட்டியிருந்தால் வண்டி நகராதபடி செய்திருக்கிறார்கள், நல்லதுக்குத்தான். இறங்கி, பிடுங்கி எறிந்துவிட்டு, கிளம்பி, மெயின் ரோடு, டவுன்ஷிப் கேட், ஆஸ்பத்திரி வாசல். வாட்ச்மேன் யாருக்கு என்று கேட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். வீட்டுக்காரம்மா பொம்மையை ஒருக்களித்து மடியில் வைத்துத் தலையைப் பிடித்திருந்தார். நாங்கள் திரும்பிவிட்டோம்.

ர. அதே நாற்காலியில், அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். குறை எழுத வைத்திருந்த தாளில் எதுவும் எழுதவில்லை. மற்றவர்கள் உள்ளே போன பிறகு சொன்னார்: “ஜூலைல நான் டிரஸ் மாத்தி வெளிய வர்றதுக்குள்ள அங்க எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. உள்ள எப்படி இருந்தேன்னு உனக்குச் சொன்னதில்ல. இன்னைக்கு நாற்காலில பார்த்தியே, அதான்.”

நான் அவர் பயத்தைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை. அவர் அங்கே பத்திரமாக இருக்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன், ஏ.சி.யில்.

சாயங்காலம் அவர் ஒரு வேலை செய்தார். சாவி வளையத்தை ஒயரின் கார் முனையோடு கயிற்றில் கட்டிவிட்டார், கொக்கி போட்டு. காரிலிருந்து ஒயரைப் பிடுங்கிக் கையில் எடுத்தால்தான் சாவி கிடைக்கும். மறக்கவே முடியாது. யாழினி பத்துத் தரம் மாட்டிக் கழற்றிப் பார்த்தாள்.

30 செப்டம்பர், செவ்வாய்

ஃபோன் பில் கட்டியாயிற்று. அம்மாவுடன் பேசியாயிற்று, கார் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் அப்பா அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவார்.

பிரகாஷ் ஃபோன். முதலாளி பேட்டரி மாற்ற மாட்டாராம், அதற்குப் பதில் இன்னும் குறைக்கத் தயாராம். ர. ரிசீவரைக் கையால் மூடி என்னைப் பார்த்தார். வேண்டாம் என்றேன். விலை குறையக் குறைய எனக்குப் பயம்தான் கூடுகிறது. செத்த அறை ஒன்று வரிசையில் இருந்தால் மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு போகும், புத்தகத்திலேயே இருக்கிறது. இன்னும் குறைக்க வேண்டாம், அந்த ஒரு பேட்டரியை மாற்றி, மற்றதை என் கண் முன்னால் மிதவையில் காட்டினால் அதே விலைக்கு எடுத்துக்கொள்கிறோம், இல்லையென்றால் நாளைக்கே வண்டியைக் கொண்டுபோகட்டும்.

ர. அதை அப்படியே சொன்னார். பிறகு, “வீட்ல சொல்றாங்க” என்று சேர்த்தார்.

எடுத்துப் போகட்டும் என்று சொல்லிவிட்டேனே தவிர, இரண்டு தரம் ஜன்னலில் போய் வண்டி நிற்கிறதா என்று பார்த்தேன்.

2 அக்டோபர், வியாழன்

விடுமுறை. நல்ல மழை, இந்த வருஷத்தின் முதல் நிஜ மழை. வண்டி மேல் பாலிதீன் ஷீட். தேவராஜ் அண்ணன் குடையோடு வந்து, ஷீட்டைத் தூக்கிக் கதவு இடுக்கில் தண்ணீர் போகிறதா என்று பார்த்தார். போகவில்லை. அவருக்குக் கொஞ்சம் வருத்தம் போல இருந்தது. அப்புறம், அவருக்குத் தெரிந்த ஒருவரிடம் தடிமன் ஒயர் இருப்பதாகவும், வாசலுக்கே ஒரு பாயிண்ட் இழுத்துவிடலாம், ஜன்னல் வேலையெல்லாம் ஆபத்து என்றும் சொன்னார். இவர்தான் வேண்டாம் என்றவர்.

வீட்டுக்காரம்மா அதைக் கேட்டுவிட்டு, பாயிண்டு கீழ்வூட்டு செவுத்துல வெய்யி, வண்டி பாதி என்னுது என்றார்.

பிரகாஷிடமிருந்து ஒன்றும் இல்லை.

4 அக்டோபர், சனி

ஈர வெயில். கொசு.

நேற்று பிரகாஷ் ஃபோன், சரி என்று. இன்று ஷோரூம். புது பேட்டரி ஒன்றை என் எதிரிலேயே மாட்டினார்கள். ஹைட்ரோமீட்டரைப் பையில் துண்டில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். எல்லா மூடியும் திறந்து பார்த்தேன். மெக்கானிக்குகள் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். ஒரே உயரம். எல்லாமே.

மேஜையில் படிவம். ர. நிரப்பினார். பெயர் என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி, என் பெயரை எழுதினார், இனிஷியலோடு. யாழினி நாற்காலிக்கு நாற்காலி தாவி ஷோரூம் கார்களையெல்லாம் நகரச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பையிலிருந்து லைசென்ஸை எடுத்து மேஜையில் வைத்தேன்.

“ஐடி ப்ரூஃபா மேடம்?” என்று கை நீட்டினார் பிரகாஷ்.

“ஓட்டுறதுக்கு” என்றார் ர.